நான் படுக்காத கட்டில்

பிப்ரவரி 9, திங்கள்

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரி விஷயத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நோட்டில் எழுதினால் வெளியே சொன்னதாகுமா?

இன்று ஒரு ஆள் வந்து வீட்டை அளந்துகொண்டு போனார். ஏலம் இல்லையாம், வெறும் மதிப்பீடுதானாம். வெறும் மதிப்பீட்டுக்கு என் அறைக் கதவை ஏன் அப்படித் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்?

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தார். வாரம் முழுக்க அங்கே, ஞாயிறு மட்டும் இங்கே. அந்த நாடு சம்பளத்திலேயே வரி பிடித்துக்கொண்டது. இந்த நாடு, 'நீ இங்கே வாழ்கிறவன், எங்களுக்கும் கட்டு' என்று சொல்லி வங்கிக் கணக்கை முடக்கிவிட்டது. கட்டாவிட்டால் வீடு போய்விடும். இப்படிச் சிக்கல் வந்தால் இரண்டு வரி அலுவலகங்களும் பேசித் தீர்க்க வேண்டும் என்று நாடுகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. பேசுகிறார்கள். இரண்டு வருடம் ஆகப் போகிறது, இன்னும் பேசுகிறார்கள். அவர்கள் பேசும் அறைக்குள் அப்பாவுக்கு இடமில்லை.

"உங்களைப் பத்திதான் பேசுறாங்க. உங்ககூட இல்ல," என்றார் எங்கள் ஆடிட்டர் அக்கா.

பிப்ரவரி 12, வியாழன்

வாசலில் கார் நின்றாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். பக்கத்து வீட்டுக்கு வந்த கார்.

மார்ச் 7, சனி

ஆடிட்டர் அக்கா வந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

இரண்டு பக்கமும் வீடு இருந்தால், அந்த ஆளின் வாழ்க்கை எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பார்ப்பார்களாம். இதில் என்ன பார்க்க இருக்கிறது? நான் இங்கே, அம்மா இங்கே.

ஆனால் அங்கே ஒரு கட்டில் இருக்கிறது. அந்த நாட்டு அதிகாரி அப்பாவின் அறையைப் பார்க்கப் போனபோது ஒரு சின்னக் கட்டில், பூப்போட்ட விரிப்பு, சுவரில் என் படம். விடுமுறைக்கு நாங்கள் வருவோம் என்று அப்பா வாங்கிப் போட்டிருக்கிறார். நாங்கள் ஒருமுறைகூடப் போகவில்லை. 'குடும்பத்துக்கான வீடு' என்று அதிகாரி எழுதிவிட்டார்.

"மடக்குற கட்டிலா வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல," என்றார் அம்மா.

"பிள்ளைக்கு முதுகு வலிக்குமேன்னு பார்த்தேன்," என்றார் அப்பா.

நான் படுக்காத கட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. எனக்கா, அப்பாவுக்கா? எல்லோருக்கும்தான்.

ஏப்ரல் 18, சனி

இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் சமரசம் பேச ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் பேச வைக்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. பேச வைத்தார். அவர்களும் நன்றாகப் பேசி, கை குலுக்கி, அவரவர் பிடித்த பிடியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

அப்பா சிரித்தார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னு வச்சுக்கோ. உள்ள இருக்கிறவன் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒண்ணும் ஆகாது. வெளியில ஆள் வரணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் இருக்கிற ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்களே அப்பா.

மே 3, ஞாயிறு

சித்தப்பா வந்து குதி குதியென்று குதித்தார். "கோர்ட்டுக்குப் போண்ணா. கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தா கோமணமும் மிஞ்சாது."

அப்பா பாதி மனதோடு தலையாட்டிவிட்டார். அம்மா உடனே ஆடிட்டர் அக்காவுக்குப் போன் போட்டார். "வேண்டவே வேண்டாம்," என்றாராம் அக்கா. இங்கே கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டால், இரண்டு நாடுகளையும் கட்டுப்படுத்தும் முடிவு சொல்லக்கூடிய நடுவர்களிடம் போகும் வழி அடைந்துவிடும். அலுவலகங்கள் பேசித் தீர்க்க ஒப்பந்தம் கொடுத்த இரண்டு வருடக் கெடு அடுத்த மாதம் முடிகிறது. அதன்பிறகு நாமே நடுவர் கேட்கலாம்.

"அப்ப இன்னும் சும்மா இருக்கணுமா?" என்றார் சித்தப்பா.

"நீ முதல்ல சும்மா இருப்பா," என்றார் அம்மா.

ஜூன் 10, புதன்

நடுவர் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்று பேர். ஆளுக்கு ஒருவரை இரண்டு நாடுகளும் அனுப்பும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைப் பிடிப்பார்கள். அப்பா வாழ்ந்தது எங்கே என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு பதிலைக் கொடுக்கும். இரண்டில் ஒன்றை எடுப்பார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள்.

ஏன் என்று சொல்லாமல் கணக்குப் போட்டால் எங்கள் டீச்சர் பாதி மார்க்தான் தருவார்.

எது வந்தாலும் ஒரு நாட்டுக்குத்தான் வரி, 'இங்கே' என்றால் அந்த நாடு பிடித்ததைத் திருப்பித் தரும், வீடு தப்பிக்கும் என்கிறார் அப்பா. எனக்கு எது வந்தாலும் போதாது. 'இங்கே' என்றுதான் வர வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 21, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே.

அக்டோபர் 16, வெள்ளி

வந்துவிட்டது. 'அங்கே.'

நான்கு வருடமும் அப்பா வாழ்ந்தது அங்கேதானாம். இங்கே வரி இல்லை, கணக்கைத் திறந்துவிடுவார்கள், வீட்டைத் தொட மாட்டார்கள். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அப்பா சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போடட்டுமா?"

"என்னை ஏன் கேக்குறீங்க?"

"உன்னைத்தான் கேக்கணும்."

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் ரயிலுக்குக் கிளம்பும்போது தூங்குகிற மாதிரி நடிக்கிற என் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனது யாராம்? அது எந்த நாட்டுக் கணக்கு? கேட்கவில்லை. "போடுங்க," என்றேன். போட்டார்.

நவம்பர் 8, ஞாயிறு

முடிவு வரும்வரை அப்படியே விட்டுவைத்திருந்த அந்த அறையை அப்பா காலி செய்துவிட்டு வந்தார். லாரியில் ஒரு மேசை, இரண்டு பெட்டி, கட்டில்.

"இதை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க? குடியைக் கெடுத்த கட்டில்," என்றார் அம்மா.

"அவளோடது," என்றார் அப்பா. சாயங்காலம் முழுக்க என் அறையில் உட்கார்ந்து திருகாணி முடுக்கினார். பழைய கட்டில் கூடத்துக்குப் போய்விட்டது.

டார்ச் இல்லாமல், விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். விரிப்பில் பூக்கள் புதிதாகவே இருக்கின்றன. காலை நீட்டினால் கணுக்காலுக்குக் கீழே வெளியே தொங்குகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. மடக்கிக்கொண்டு படுத்தால் சரியாகத்தான் இருக்கிறது.