சிலந்தியின் அடிவயிற்றுக் கறை

சிவகாசி, செவ்வாய்க்கிழமை இரவு

இன்று புரூஃப் பார்க்க பிரஸ்ஸுக்கு ஒரு மேடம் வந்தார். லடாக் பக்கம் பனி மலைகளில் திரியும் ஓநாய்ச் சிலந்திகளை இனம் பிரித்துப் புத்தகம் எழுதியிருக்கிறார். படங்களைச் சுத்தம் செய்தது நான். காலண்டர் வேலையில் பழகிய கை. அம்மன் முகத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் விடாது. பெண் சிலந்திகளின் அடிவயிற்றில் கருப்பாக ஒரு கறை தெரிந்தது. எல்லாப் படத்திலும் அழித்து வழவழவென்று ஆக்கியிருந்தேன்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த ரெண்டு சிலந்தியும் மேல இருந்து பாத்தா ஒரே மாதிரி இருக்கும்மா. நீ கறைன்னு அழிச்ச அந்தக் கருப்புத் தகட்டோட வடிவத்த வச்சுத்தான் வேற வேற இனம்னு சொல்ல முடியும். இப்ப எது எதுன்னு எனக்கே தெரியலயே!"

நல்லவேளை, அசல் படங்கள் இருந்தன. திரும்ப வைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

தங்கச்சியின் தாடையில் பட்டாசுக் கம்பெனியில் தீப்பட்ட தழும்பு இருக்கிறது. அதை அழித்துத்தான் கல்யாணத் தரகருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள். சாயங்காலம் போனில் அவள் படத்தைத் திறந்தேன். கை ஓடவில்லை. அப்படியே தங்கச்சியிடம் காட்டினேன்.

"ஏக்கா, தழும்ப எடுக்கலையா?"

"எடுக்கல. எடுக்கவா?"

போனை வாங்கித் தாடையை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளே தரகருக்கு அனுப்பிவிட்டுப் போனை என் மடியில் போட்டாள்.

"அம்மாட்ட நீயே சொல்லிக்கிடு."

அம்மா தூங்கிவிட்டாள். இன்னும் சொல்லவில்லை.