நாற்பது பேருக்கும் வலி இல்லையாம்

முருகன் துணை

வீரபாண்டி, திருப்பூர்

அன்புள்ள மதுமதிக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய், வேளைக்குச் சாப்பிட்டால். மெல்போர்ன் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள், திருப்பூர்க்காரி குளிரில் நடுங்கினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அப்பா தினமும் வாக்கிங் போகிறார், பேக்கரி வரைக்கும் நடந்து, இரண்டு தேங்காய் பன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார், கேட்டால் நடந்தேன் அல்லவா என்கிறார்.

இந்தப் பார்சலில் இருக்கும் நாற்பது தாள்களைப் பார்த்து, ஏற்கெனவே வந்ததுதானே என்று நினைக்காதே, முன்பு அனுப்பியதைத் தூக்கி எறிந்துவிடு. அது என் தப்பு. எங்கள் பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களின் எலும்பைப் பற்றி உன் ஆராய்ச்சிக்காக நீ கேள்வித்தாள் அனுப்பினாய், வெளிநாட்டிலிருந்து தாள் வந்து வேலை பார்க்கும் பெண்களைக் கேள்வி கேட்டால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பிச் சோதிக்கும் பையர் ஆடிட். இருபத்திரண்டு வருடமாக, எல்லாம் நல்லா இருக்குதுங்க, ஒரு கொறையும் இல்லீங்க என்று ஆடிட்காரரிடம் சொல்லிப் பழகிய வாய். செக்கிங் இன்சார்ஜ் அல்லவா, எல்லாரையும் மேசையைச் சுற்றி நிறுத்தி, இடுப்பு வலியா, இல்லை, எலும்பு முறிவா, இல்லை என்று நானே சொல்லிக்கொடுத்து டிக் போட வைத்தேன். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகாமல் லாட் பாஸ் ஆன பெருமை எனக்கு.

நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களில் ஒருவருக்குக்கூட வலி இல்லையா, மாதக் கடைசியில் புரபசரிடம் இதைக் காட்டப்போகிறேன் என்று நீ போனில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இத்தனை வருடம் படித்து எடுத்த பெயரை நானே கெடுக்கப் போகிறேனே என்று பயந்துபோனேன். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து என் பக்கத்து மேசையில் நிற்கும் ராக்கம்மாளிடம் சொன்னேன். உங்க மககிட்டயுமா ஆடிட் பதிலு சொல்லுவீக, வாங்க மறுபடி எழுதுவோம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள், அப்பாதான் டீ போட்டார், ஒரே சர்க்கரை. நோயை விரட்ட வேண்டிய ரத்தத்தின் காவல் செல்களே மாதவிலக்கு நின்றபின் எலும்பைக் கரைக்கத் துணை போகின்றன என்று நீ சொன்னதை நான் சொன்னேன். அப்ப வாச்மேனே செங்கல உருவுறான்னு சொல்லுங்க என்றாள் ராக்கம்மாள், வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எங்களில் இளையவளான விஜயராணி, ஏனுங்கக்கா, நெசமாலுமே வலிக்குதுன்னு எழுதலாமுங்களா என்று கேட்டாள். எழுது கண்ணு என்றேன். முப்பத்தொரு பேர் வலி என்று எழுதியிருக்கிறார்கள், நான்கு பேருக்கு எலும்பும் முறிந்திருக்கிறது.

அந்த நால்வரில் நானும் ஒருத்தி. தை மாதம் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வாரம்தான் உனக்குச் சொந்த ஆய்வுக்கூடத்துக்கான இன்டர்வியூ, அதனால் வீடியோவில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தேன். உன்னிடம் மறைத்தது இன்றுவரை உறுத்துகிறது. இப்போது கை தேறிவிட்டது, டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து நிற்காதே.

உன் உழைப்பு எத்தனையோ பெண்களை நிமிர்ந்து நடக்க வைக்கட்டும், நீ நீடூழி நன்றாக இரு. என் தாள் முப்பத்தாறாம் எண். பெற்ற தாயின் தாளை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தால் ஒதுக்கிவிடு, ஆனால் மறக்காமல், ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

உன் அம்மா,
ஜெயபாரதி