ஃபியூஸுக்குப் பதில் ஒரு கம்பி

1991 நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். அரை நாள் லீவு. மாப்பிள்ளை முரளி செம்பாக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு வந்தார். ஹார்ன் இல்லை, லைட் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி. தங்கை சாந்தியை அவருக்குக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம். என்னிடம் உதவி என்று வந்தது இதுதான் முதல் தடவை.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பதினாலு வரை ஏற வேண்டும். அசையவே இல்லை. எஞ்சின் பாட்டுக்கு மேக்னெட்டோ தரும் கரண்டில் ஓடுகிறது, பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை. பேட்டரி மேல் தப்பு இல்லை.

பம்மலில் காதர் பாய் கடை. ஆட்டோ எலக்ட்ரிக் வேலையில் நல்ல பெயர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ரெக்டிஃபையர் போயிருக்கிறது என்றார், மாற்றினார். இப்போது பதினாலு. கிளம்பும்போது சொன்னது: “ஹேண்டில் கிட்ட ஒயரு ஒரசிகினு கீது சார். இன்னொரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, டேங்க அவுத்துப் பாக்கணும்.” சரி என்றோம்.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, பேட்டரி தண்ணி, குடைக்குக் கம்பி.

நவம்பர் 17, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம். முரளியும் சாந்தியும் சாப்பிட வந்தார்கள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம்.

வண்டியில் மறுபடி லைட் இல்லை. இந்தத் தடவை ஃபியூஸ். கையில் இருந்த ஒன்றைப் போட்டேன். எரிந்தது. தெருவில் திருப்பும்போது போயிற்று. இன்னொன்று. அதுவும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. பழைய இஸ்திரிப்பெட்டி ஒயரிலிருந்து ஒரு செம்புக் கம்பி உருவி ஃபியூஸ் இடத்தில் முறுக்கி வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. முரளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மச்சான் கை வெச்சா கரெக்ட்டா இருக்கும்” என்றார். சாந்திக்குப் பெருமை. எனக்கும்.

நவம்பர் 21, வியாழன்

முரளிக்கு ஆக்சிடென்ட்.

சாயந்திரம் ஆறரை, நல்ல மழை. செம்பாக்கம் ஏரிப் பக்கம். ரோட்டோரம் போட்டிருந்த சிமெண்ட் குழாயில் மோதியிருக்கிறார். வலது தொடை எலும்பு இரண்டாக. தாம்பரத்தில் ஆஸ்பத்திரி. சாந்தி நனைந்த புடவையோடு பெஞ்சில். அழவில்லை. அழுதால் தேவலை.

முரளிக்கு நினைவு இருக்கிறது. “டேங்க்குக்கு அடியில புகை வந்துது மச்சான். என்னடான்னு குனிஞ்சு பாத்தேன். அதுக்குள்ள லைட்டும் போச்சு. எது ரோடு எது ஏரின்னே தெரியல.”

புகை என்றதும் எனக்கு அந்தக் கம்பி ஞாபகம் வந்தது.

நவம்பர் 23, சனி

வண்டியைச் சாந்தி வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். முரளியின் அண்ணன் கோபால்தான் ஆள் அனுப்பினார். “நீங்கதான் மீட்டர்லாம் வெச்சிருக்கீங்க. எப்டி ஆச்சுன்னு பாத்துச் சொல்லுங்க மச்சான்.”

டேங்கைக் கழற்றினேன். ஹேண்டிலுக்குக் கீழே ஒயர் தோல் தேய்ந்து இரும்பில் பட்டிருக்கிறது. காதர் பாய் சொன்ன அதே இடம். அங்கிருந்து சீட் வரை ஒயர் முழுக்க வெந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கிறது. ஃபியூஸ் டப்பா உருகிவிட்டது. நடுவில் கம்பி மட்டும் அப்படியே.

ஃபியூஸ் இருந்திருந்தால் அது போயிருக்கும். லைட் இல்லாத வண்டியை முரளி ராத்திரியில் எடுத்திருக்க மாட்டார், பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். போகாத மாதிரி வைத்தவன் நான்.

கோபால் குனிந்து பார்த்தார். “இன்னா இது? ஃபியூஸ் போடற எடத்துல கம்பிய சொருவி வெச்சிகிறான்! அந்தப் பாயி வேலைதானே?”

“ம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கோபால் ஆள் கூட்டிக்கொண்டு பம்மல் போய்விட்டு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவரே சொன்னார். காதர் பாய் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தது. இரண்டு அறை. சாமான்களை ரோட்டில் வீசியது. “நாலு பேரு பாக்க கேட்டேன். இனிமே ஒருத்தன் வண்டி வுட மாட்டான் அவங்கிட்ட.”

முரளி கட்டிலில் படுத்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி வைத்தது யாரென்று அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நானும்தான்.

17ஆம் தேதி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். “நாளைக்கே பாய்கிட்ட காட்டுங்க” என்று முரளியிடம் சொன்னேனா? சொன்னதாக நினைப்பு. எழுதியிருக்கவில்லை. அப்பளம் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

ஆபீஸில் கூட்டல் தப்பு, இரண்டு தடவை. மத்தியானம் லீவு சொல்லிவிட்டு பம்மல் பஸ்.

கடை பாதி ஷட்டர். காதர் பாய் உள்ளே ஸ்டூலில். கன்னம் வீங்கி ஒரு கண் சின்னதாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நியாயம் கேட்க ஆள் கிடைத்த மாதிரி.

“நீங்க வந்தது நல்லதாப் போச்சு சார். நான் மாத்துனது ரெக்டிஃபையர் மட்டும்தான். நீங்க கூடவே நின்னீங்க. ஃபியூஸ்ல கம்பி வெக்கறவனா நானு? அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

“வெச்சது நான்தான் பாய்.”

பாய் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிர்க்கடையில் மாவு மெஷின் சத்தம்.

“அவங்க வந்தப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“வர்றது தெரியாது. பழி உங்க மேலன்னு தெரியும்.”

“எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க.” ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

நவம்பர் 27, புதன்

சாந்தியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி குழாயடியில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. நானும் அங்கதான நின்னேன்.”

“அப்ப ஏன்டி...”

“நீ சொல்லிட்டுப் போயிடுவ. அந்த வூட்ல இருக்கப்போறது நான். ‘உங்க அண்ணன்தான் என் தம்பி கால ஒடச்சான்’னு ஆயுசுக்கும் கேக்கணும். ஆபரேஷன் முடியட்டும், இப்ப வேணாம்.”

பஸ்ஸில் யாரோ: “மழை இன்னும் மூணு நாளாம்ப்பா, பேஜார்.”

நவம்பர் 29, வெள்ளி

நேற்று ஆபரேஷன். தகடு வைத்திருக்கிறார்கள். நடப்பார், கொஞ்சம் சாய்த்து நடப்பார் என்கிறார் டாக்டர்.

இன்று பார்வை நேரம். கோபால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சாந்தி கண்ணால் வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன். கம்பி, இஸ்திரிப்பெட்டி ஒயர், “ம்” என்றது, எல்லாம்.

கோபால் கை அப்படியே நின்றுவிட்டது. முரளிதான் முதலில் பேசினார். “மச்சான் வேணாம்னுதான்ணே சொன்னாரு. நான்தான் பரவால்ல, வெய்யுங்கன்னேன்.”

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுக்கப் போனேன். சாந்தி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். அதையும் மீறி, “இல்லை, அவர் சொல்லல” என்றேன்.

கோபால் ஆரஞ்சைப் பேப்பரில் வைத்தார். “மூணு பேருக்கும் தெரியும். என்னைய மட்டும் அனுப்பி ஒரு மனுசன அடிக்க வெச்சீங்க.”

யாரும் அனுப்பவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

பம்மலுக்கு என்னோடு வரச் சொன்னேன். “எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது? நீங்க போங்க.” வெளியே போய்விட்டார். சாந்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

வெயில். பதினோரு மணிக்கு பம்மல்.

காதர் பாய் கடை திறந்திருந்தது. வண்டி ஒன்றும் இல்லை. அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்றேன். தலையாட்டினார்.

“அவங்களுக்குத் தெரிஞ்சிது. இந்தத் தெருவுக்கு?” டீக்கடையைக் காட்டினார். “அன்னிக்கி அங்க நின்னவங்கதான் எல்லாம் பாத்தாங்க. அங்க போய்ச் சொல்லுங்க சார்.”

டீக்கடையில் ஏழெட்டுப் பேர். பாய் கூட வரவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு டீ சொன்னேன். அப்புறம் டீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். பாய் மேல் தப்பு இல்லை, கம்பி வைத்தது நான், அடி வாங்க வேண்டியவன் நான்.

யாரும் திட்டவில்லை. ஒருத்தர் பேப்பரை மடித்தார். இன்னொருத்தர், லுங்கி கட்டிய பெரியவர், “இன்னும் ஒருவாட்டி சொல்லு, சத்தமா” என்றார். “பேரு இன்னா? எங்க இருக்கற?”

பெயரைச் சொன்னேன். அஸ்தினாபுரம் என்றேன். இன்னும் ஒரு தடவை, சத்தமாக, முதலிலிருந்து.