வலி இல்லாத கட்டி

சென்னை, மாணவியர் விடுதி
8-9-1966

அன்புள்ள அக்காவுக்கு,

மல்லாட்டை (இங்கே வேர்க்கடலை என்றால்தான் புரிகிறது) பிடுங்கும் நாளில் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள். கார்டு என்றால் தபால்காரர் படிப்பார். அதனால் கவரில் எழுதுகிறேன்.

இன்று வார்டில், மார்பில் கட்டி இருந்த ஓர் அம்மாவை வைத்து டாக்டர் பாடம் நடத்தினார். எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று காட்டிவிட்டு, எங்களையும் ஒவ்வொருவராகத் தொடச் சொன்னார். அந்த அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். என் முறை வந்ததும், “தொடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“இப்ப இன்னாத்துக்குக் கேக்கற? தொட்டுட்டுப் போ” என்றார், துணிக்குள்ளிருந்தே.

பின்னால் பையன்கள் சிரித்தார்கள். அவசரமாகக் கையை எடுத்துவிட்டதில் கட்டி தட்டுப்படவேயில்லை. தட்டுப்பட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப் படித்து நான் டாக்டராவேனா? நைனாவிடம் சொல்லாதே.

உன் தங்கை,
சின்னப்பொண்ணு

சிங்கவரம்
17-9-66

சின்னப்பொண்ணுக்கு அக்கா எழுதறது. எல்லாரும் சொகம். உன் மாமா மூட்டையோட செஞ்சிக்குப் போயிருக்காரு, அதான் எழுதறேன்.

அந்தம்மா சேதியப் படிச்சிட்டு எனக்குச் சோறு எறங்கல. எனக்கும் வைகாசிலேர்ந்து எடப்பக்க மார்ல புளியங்கொட்டையாட்டம் ஒண்ணு இருக்குது. வலியே இல்ல, அதனால பயமில்ல. மஞ்சப்பத்து போடறேன். மல்லாட்ட முடிஞ்சதும் உன்கிட்ட வந்து காட்டலாம்னு இருந்தேன். இப்ப மாட்டேன்டி. வரவன் போறவன்லாம் தொட நான் இன்னா கோயில் மணியா?

நீ நல்லா படி. வேளைக்குச் சாப்புடு.

விருத்தாம்பாள்

சென்னை
21-9-1966

அக்கா,

வலிக்கவில்லை, அதனால் பயமில்லை என்கிறாய். வலிக்காத கட்டியைத்தான் விடக்கூடாது என்று அன்றே டாக்டர் சொன்னார். அதை விட்டுவிட்டு, சிரித்த பையன்களைப் பற்றி உனக்கு எழுதினேன். எல்லாக் கட்டியும் கெட்டதல்ல. ஆனால் பார்த்தே ஆகவேண்டும். பத்துப் போடாதே.

இன்று எங்களுக்குப் பாடம் எடுக்கும் பெண் டாக்டர் ஒருவரின் அறை வாசலில் வெகுநேரம் நின்று, பிறகு உள்ளே போனேன். என் அக்கா வந்தால் மாணவர்களைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டேன்.

“மத்தவங்க அக்காவை வச்சுத்தானே நீ படிக்கிறே?” என்றார்.

வார்டில் நான் தொட்ட அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடைசியில், தானும் நானும் மட்டும் பார்ப்பதாக டாக்டர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் முதல் பஸ் ஏறு. எனக்குக் காய்ச்சல் என்று மாமாவிடம் சொல். பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பேன்.

கேட்காமல் தொடமாட்டேன் அக்கா. இப்போதே கேட்கிறேன், தொடட்டுமா? வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே.

சின்னப்பொண்ணு