ஆண்டவரிடம் சொன்ன வம்பு

பிப்ரவரி 21, வெள்ளி

டெல்லி கோல் மார்க்கெட்டில், எங்கள் சபை ஜோதிலிங்கம் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிவு ஜெபம் வழக்கம்போல நான்தான். பிரதமரில் தொடங்கி, பரீட்சை எழுதும் பிள்ளைகள், மூட்டுவலிக்காரர்கள், சபைக் கட்டடத்தின் ஒழுகும் கூரை வரை ஒன்றையும் விடவில்லை. "ஒங்க ஜெபத்துல ஒரு அபிஷேகம் இருக்குய்யா" என்றார் அண்ணன். "சே சே, எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றேன். அவர் சொன்னதை பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் மனசுக்குள் ஓட்டி ஓட்டிக் கேட்டேன்.

என் மனைவி பிரபாவின் விமரிசனம்: "டீ ஆறிப்போச்சு. சமோசாவும்."

பிப்ரவரி 24, திங்கள்

சாயங்காலம் தனபால் போன் பண்ணினான். "அண்ணாச்சி, கொஞ்சம் நடப்போமா?"

அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கும் அவன் மனைவி குளோரிக்கும் மட்டும்தான் தெரியும். சபைக்குத் தெரிந்த தனபால், பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுகிறவன். போன ஆகஸ்டில் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லிவிட்டு அவன் போனது, குடியை நிறுத்த வைக்கும் ஒரு மையத்துக்கு. திரும்பி வந்ததிலிருந்து தொடவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்புக்கும் அவன் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு ஒயின் ஷாப் இருக்கிறது.

சாணக்யபுரியில் பார்க்கைச் சுற்றி நடந்தோம். "அந்தக் கடையத் தாண்டுததுக்குள்ள நாக்கு வறண்டு போவுது அண்ணாச்சி. ஒங்ககிட்டதான் இதச் சொல்ல முடியுது. வேற யாருட்ட சொல்ல?"

அவனை நினைத்தால் பாவமாக இருந்தது. என்னை நினைத்தால் பெருமையாக இருந்தது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு அண்ணாச்சி வாய்ப்பார்!

பிப்ரவரி 28, வெள்ளி

எப்படி எழுதுவது?

மறுபடியும் கோல் மார்க்கெட். நல்ல கூட்டம். தனபாலும் குளோரியும் வந்திருந்தார்கள். முடிவு ஜெபத்தில் எனக்கு நல்ல ஓட்டம். இடையிடையே "ஆமென்", "ஸ்தோத்திரம்" என்று சத்தம் வர வர, எனக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. "தகப்பனே, உம்முடைய பிள்ளை தனபாலை நினைத்தருளும். குடியின் பிடியிலிருந்து அவனைத் தூக்கி எடுத்தீரே! அந்த மையத்தில் ஒரு மாதம் அவனைக் காத்தீரே! தினமும் அந்தக் கடையைத் தாண்டும்போது அவன் கால் இடறாதபடிக்கு..."

ஆமென் நின்றுபோயிருந்தது. கண்ணைத் திறந்தேன். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. தனபால் மட்டும் திறந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு என்றால் யாராவது நடுவில் புகுந்து "சரி, விடுங்க" என்று நிறுத்தியிருப்பார்கள். ஜெபத்தை யார் நிறுத்துவார்கள்? நானே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒழுகும் கூரையையும் சொல்லி, மிஷனரிகளையும் சொல்லித்தான் ஆமென் போட்டேன். அட மடையா.

அப்புறம் டீ. ஜோதிலிங்கம் அண்ணன் சம்சாரம் குளோரியின் தட்டில் சமோசாவாக அடுக்கினார்கள், துக்க வீட்டுக்காரிக்குப் பரிமாறுகிற மாதிரி. குளோரி ஒன்றையும் தொடவில்லை. இரண்டு பேரும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

மார்ச் 1, சனி

தனபாலுக்கு ஐந்து தரம் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. சிக்னல் பிரச்சினையாக இருக்கும் என்று பிரபாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

பாடகர் குழுவில் கடைசி வரிசையில் ஓர் இடம் காலி. பாவ அறிக்கையை எல்லாரையும்விட அரை வரி முன்னால் முடிக்கிறவன் நான். இன்று ஒரு வரி பின்னால் போனேன். "சிந்தனையாலும் சொல்லாலும்" என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. பக்கத்தில் இருந்தவர் இருமல் மாத்திரை நீட்டினார்.

மார்ச் 3, திங்கள்

தனபாலுக்கு வாட்ஸாப்பில் ஒரு வசனம் அனுப்பினேன். எதைப் பற்றி? மன்னிப்பதைப் பற்றி. ஒருவனை எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று சொல்கிற இடம், பின்னால் சூரியோதயப் படத்தோடு.

அனுப்பி முடித்த பிறகுதான் உறைத்தது. அடித்தவன் அடிபட்டவனுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறான். அழித்தேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று அங்கே நிற்கிறது.

மார்ச் 5, சாம்பற்புதன்

லெந்து நாட்கள் ஆரம்பம். நாற்பது நாளும் காபி கிடையாது என்று பொருத்தனை செய்தேன். ஆபீஸில் செக்‌ஷனில் எல்லாரிடமும் சொன்னேன். கேன்டீன் பையாவிடமும் சொன்னேன். "அச்சா சாப், தோ சாய்?" என்றான், அப்போ டீயா என்று. சரி என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம். போதகர் "யாராவது?" என்று கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறேன் என்றே நினைத்தேன் — சத்தியமாக.

"சகோதரர் ஒருவருடைய இரகசியத்தை வெளியிட்டுப் பாவம் செய்தேன்" என்று ஆரம்பித்தேன். அதோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? என்ன இரகசியம் என்று விளக்கினால்தானே பாவத்தின் ஆழம் சபைக்குப் புரியும்! விளக்கினேன். பெயரைச் சொல்லவில்லை. "நம் பாடகர் குழுவில் இருக்கிற" என்றேன். எல்லார் தலையும் ஒரே நேரத்தில் அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பியது. அழுதேன். முன்வரிசையில் இரண்டு பாட்டிமார் கூட அழுதார்கள்.

வெளியே ஜோதிலிங்கம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன தாழ்மைய்யா ஒங்களுக்கு!" வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். எனக்கு — எழுதவே கூசுகிறது — நன்றாக இருந்தது.

 பஸ்ஸில் வந்து, எங்கள் மோதி பாக் ஸ்டாப்பில் இறங்கிய பிறகு பிரபா கேட்டாள்: "நீங்க மன்னிப்பு கேட்டீங்களா, இல்ல ரெண்டாம் பதிப்பு போட்டீங்களா? அன்னைக்கு ஒரு ஹால் நெறைய ஆளுக்குத் தெரிஞ்சது. இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சாச்சு."

"மனசு உடைஞ்சுபோய்ச் சொன்னேம்மா..."

"உடைஞ்ச மாதிரி தெரியல. மினுங்குச்சு."

மார்ச் 10, திங்கள்

அவள் சொன்னது சரி.

எனக்கு வந்தது வெறும் வெட்கம். வெட்கத்துக்கு என் மூஞ்சிதான் பெரிது. அதில் பட்ட அழுக்கைத் துடைக்கத் துணி தேடுகிறது. விலக்கிய பழத்தைத் தின்று வெட்கம் வந்ததும் முதல் மனுஷன் தோட்டத்தில் இலையைத் தேடினான். நான் மைக்கைத் தேடினேன். இத்தனை நாளும் என்னை எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று துடித்தேனே, தனபால் எப்படி இருக்கிறான் என்று ஒரு தரமாவது நினைத்தேனா? அவன் தினமும் அந்தக் கடையைத் தாண்ட வேண்டுமே!

மனந்திரும்புதல் பற்றி வாலிபர் கூட்டத்தில் நான் பேசிய பேச்சு நன்றாக இருந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். நாசமாய்ப் போச்சு.

அவன் வீடு எனக்கு நடக்கிற தூரம். இன்னும் போகவில்லை. ஏன்? பயம்.

மார்ச் 15, சனி

போனேன். ஹோலிச் சாயம் தெருவெல்லாம் இன்னும் காயாமல் கிடந்தது. குளோரி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடப் போனாள். உள்ளேயிருந்து அவன்தான், "வரட்டும், விடு" என்றான்.

வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் தனபால். ரெண்டு தரம்" என்றேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை. எனக்கு!

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னைக்கு ஜெபம் முடிஞ்சு குளோரிய ஆட்டோல ஏத்திவிட்டுட்டு நேர கடைக்குப் போனேன் அண்ணாச்சி. ஏழு மாசம். எல்லாம் போச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சதுக்காவக் குடிச்சேன்னு இல்ல. வெக்கம் இருந்துது, அதத் தாங்கிக்கிடுவேன். நாக்கு வறண்டா போன் பண்ண ஒரு ஆளு இருந்துச்சு. அந்த ஆளு இல்லாமப் போயிட்டுல்லா?"

அங்கே நான் அழவில்லை. அழுதால் அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டியிருக்கும். "நான் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். தயவுசெஞ்சு எனக்காக ஜெபம் மட்டும் பண்ணிராதீங்க."

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னால் ஒருவன் குடித்தான். இதற்கு என்ன சாட்சி சொல்வேன், யாரிடம்?

மார்ச் 17, திங்கள்

ஆபீஸ் விட்டதும் அவன் இறங்குகிற பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். "எதுக்கு வந்தீங்க?" என்றான். "அந்தக் கடையத் தாண்டுத வரைக்கும் கூட வாரேன். பேச மாட்டேன்" என்றேன்.

அவன் நடந்தான். நான் பின்னால். கடையைத் தாண்டியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். பேசாமல் அவ்வளவு தூரம் நடந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தாடை வலித்தது.

மார்ச் 18, செவ்வாய்

அதே.

மார்ச் 21, வெள்ளி

கடையைத் தாண்டிவிட்டுக் கோல் மார்க்கெட். முடிவு ஜெபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "வேற யாராவது பண்ணட்டும்" என்றேன். "ஏன், என்னாச்சு?" என்றார்கள். காரணம் சொல்ல நாக்கு துடித்தது. அழகான காரணம், உருக்கமான காரணம். விழுங்கினேன். போதகர் நாலு வரியில் ஜெபத்தை முடித்தார். டீ சூடாக இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

சபையின் ஜெபக் குறிப்பில் இன்று என் பெயர்! "விசுவாசத்தில் சோர்ந்துபோன நம் சகோதரருக்காக" என்று ஜோதிலிங்கம் அண்ணன் உருகி உருகி ஜெபித்தார். நான் ஜெபிக்க மறுத்தது, சாயங்காலங்களில் என்னை ஒயின் ஷாப் பக்கம் இரண்டு பேர் பார்த்தது, எல்லாவற்றையும் ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னார்.

எழுந்து உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மறுபடியும் தனபால் பெயர் வரும். உட்கார்ந்தே இருந்தேன். பிரபாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் சுருக்கென்றும் இருந்தது. இப்படித்தானே இருந்திருக்கும் அவனுக்கு.

ஏப்ரல் 4, வெள்ளி

கடை வாசலில் தனபால் நின்றுவிட்டான். நானும் நின்றேன். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு நடந்தான். தாண்டியதும், "ஒங்களப் பத்திச் சபையில என்னமோ பேசிக்கிடுதாங்க. தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 12, சனி

லீவு நாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் தனபால். "நடப்போமா?" என்று அவன்தான் கேட்டான். டெல்லி வெயில் இப்போதே கொளுத்துகிறது. வேப்பமரத்து நிழலாகப் பார்த்துப் பார்த்து நடந்தோம். பார்க் பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தான். வெகுநேரம் பேசினான். இதுவரை குளோரியிடம்கூடச் சொன்னதில்லை என்றான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரபா, "என்ன சொன்னாரு?" என்றாள்.

"வெயிலப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அவள் நம்பவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

அவன் சொன்னது என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை.