அடுக்களைச் சுவரின் ஓட்டை

அக்டோபர் 19

வீட்டைச் சூடாக்க அடுக்களையிலிருக்கும் பாய்லரை இன்றுதான் பற்றவைத்தோம். கிழட்டு இயந்திரம், இருமிக்கொண்டே எரிகிறது. ஆறு படுக்கையறைக்கும் சேர்த்து காஸைக் குடிக்கிறது, மாடியறைகளைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர்கள் மட்டும் ஜில்லென்றே கிடக்கின்றன. டெஸ்மண்ட் மாற்ற விடமாட்டான். "குளிருதுன்னா இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ." கல்யாணமானதிலிருந்து இதே பதில்.

அடுக்களைச் சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியாகக் காற்று வந்துகொண்டேயிருக்கும். அதில் தன் பழைய ரக்பி ஸ்வெட்டரைத் திணித்து அடைத்தான். "கெட்டிக்காரன்" என்றேன். நிஜமாகவே வெதுவெதுப்பாகிவிட்டது.

நவம்பர் 23

டீ கெட்டிலை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தான். பகல் முழுவதும் பாய்லர் பக்கத்திலேயே குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருக்கிறான் — கட்டங்கள் காலி. நான் கடை வேலை முடிந்து வந்தால் யாரென்று பார்ப்பதுபோல் பார்க்கிறான். எனக்கும் மாலையானால் தலைவலி. கவலை செய்கிற வேலைதான், வேறென்ன?

டிசம்பர் 8

மகள் பிலிப்பா வந்திருந்தாள். "அம்மா, வீட்டை வித்துடு. அப்பாவை நல்ல முதியோர் இல்லமா பார்த்துச் சேர்த்துடலாம். உன்னால முடியாது."

"சேர்த்துடலாம்" என்றேன். "இது என் டெஸ்மண்டே இல்ல. உடம்பு மட்டும்தான் உக்காந்திருக்கு."

அவன் எதிரில்தான் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரிந்திருக்காது.

டிசம்பர் 29

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் பிலிப்பா வீட்டில் இருந்தோம். அங்கே சீட்டாட்டத்தில் மாப்பிள்ளையைத் தோற்கடித்தான். "பேரப்பசங்களோட இருந்தா எப்படித் தெளியறார் பார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டிசம்பர் 31

வீடு திரும்பியதும் மறுபடி அதே. என் பெயரைக் கேட்டான்.

ஜனவரி 5

இல்லத்தைப் பார்த்து வந்தேன். தோட்டத்தைப் பார்த்த அறை ஒன்று காலியாக இருக்கிறது. பிடித்து வைக்கச் சொன்னேன். காரில் அழுதேன்.

ஜனவரி 12

இந்தப் பாய்லரோடு வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்றார் வீட்டுத் தரகர். புதிது மாட்ட அளவெடுக்க டாரன் என்ற பையன் வந்தான். அடுக்களைக்குள் கால் வைத்ததும் அவன் பையிலிருந்த ஏதோ கருவி கத்தியது. பாய்லரை அணைத்து, எல்லாக் கதவையும் திறந்து போட்டான். பிறகு ஸ்வெட்டரை உருவினான்.

"இதை யார் அடைச்சது?"

"காத்து வந்தது, அதான்..."

"காத்து வரத்தாங்க அந்த ஓட்டையே. பழைய பாய்லர், ரூமுக்குள்ள இருக்கிற காத்தை எடுத்துதான் எரியும். அது பத்தலைன்னா விஷவாயு விடும். வாசனையே தெரியாது. ரெண்டு பேரும் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

கெட்டிக்காரன் என்று சொன்னேனே. கடவுளே.

ஜனவரி 13

இருவர் இரத்தத்திலும் அந்த விஷவாயு இருக்கிறதாம். அவனுக்கு மிக அதிகம். அப்படியானால் மறதி நோயே இல்லையா? "பொறுத்துப் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

ஜனவரி 27

புதிய பாய்லர் வந்துவிட்டது. சின்னது, சத்தமே இல்லை. தனக்கு வேண்டிய காற்றைத் தன் குழாய் வழியாக வெளியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மாடி ரேடியேட்டர்கூடச் சுடுகிறது. வீட்டை விற்கவில்லை. அறை வேண்டாம் என்று இல்லத்துக்குப் போன் செய்தேன்.

பிப்ரவரி 16

குறுக்கெழுத்தை முழுசாக முடித்துவிட்டு டெஸ்மண்ட் டீ போட்டான். எனக்குச் சர்க்கரை இல்லாமல், சரியாக. அப்புறம் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டான்:

"அந்த இல்லத்துல எனக்கு எந்த ரூம் பார்த்தே?"

"எந்த இல்லம்?"

"பிலிப்பா வந்தாளே, அன்னிக்கு. இதே நாற்காலியிலதான் இருந்தேன். உடம்பு மட்டும்."

எவ்வளவு நாளாக இதை வைத்துக்கொண்டிருந்தான்? மேற்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தோட்டத்தைப் பார்த்த ரூம்."

"அப்போ பரவாயில்ல" என்றான். டீயைக் குடித்து முடித்தான். என் கையைப் பார்த்தான்.

"ஸ்வெட்டர் போட்டுக்கோ, ஹிலரி. நடுங்குறே."

வீடு முழுக்க வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டேன்.