காங்கேயத்தில் கொடுக்காமல் வந்த தட்டு

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. டப்ளின் குளிரில் நீ நலமாக இருக்க மருதமலையான் துணை இருக்கட்டும். போனில் பேசாமல் அப்பா ஏன் பக்கம் பக்கமாக டைப் செய்து மெயிலில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அவள் கேட்கக் கூடாத பேச்சு இது.

இங்கே பெரியநாயக்கன்பாளையத்தில் நல்ல மழை, பின்பக்கத்து முருங்கை சாய்ந்துவிட்டது. உன் கல்யாணத்துக்குத் தை மாதத்தில் மண்டபம் கிடைத்துவிட்டது, துடியலூரில்தான், சமையலுக்கும் ஆள் சொல்லியாயிற்று. பத்திரிகை மட்டும் அச்சாகி வந்து அலமாரியில் அப்படியே கிடக்கிறது. தாய்மாமனைத் தட்டு வைத்து அழைக்காமல் வேறு யாருக்கும் பத்திரிகை கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம், அந்த இடத்தில்தான் எல்லாம் நின்றுபோயிருக்கிறது, நிறுத்தியவன் நான்.

உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. அவள் குலக் கூட்டத்தைச் சேர்ந்த காங்கேயம் கிருபாசங்கர்தான் அண்ணன் முறையில் நின்று உனக்கு எல்லா மாமன் சீரும் செய்தார். காது குத்தும்போது அவர் மடியில்தான் நீ உட்கார்ந்தாய், நான் ஓரமாக நின்று பார்த்தேன். அது போகட்டும், நீ விரும்பும் பையனைப் பற்றிக்கூட முதலில் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாய். ஒரு எண்ணெய் மில்காரரிடம் சொல்ல முடிந்தது, இத்தனை வருடம் பாலிடெக்னிக்கில் ஊரார் பிள்ளைகளின் குறையெல்லாம் கேட்ட பெற்ற அப்பனிடம் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிறு நானும் உன் அம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு காங்கேயம் போனோம். அதற்காக அவள் அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள், என் காலேஜ் விழாக்களுக்கு அந்தப் புடவை பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. அங்கே பேச்சு உன் மாப்பிள்ளையைப் பற்றி வந்தது. பாப்பா போன்ல சொன்னதும் நானு கேட்ட மொதக் கேள்வியே பையன் என்ன கூட்டம்னுதானுங்க மாப்பளை என்று கிருபாசங்கர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை, கட்டிக்கொள்ளக் கூடாது, யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவருடைய அம்மா சென்னியம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவன் கேக்காம வேற ஆரு கேப்பா, சூடு பட்டவனாச்சே, காலேசுல ரண்டு பேருக்கும் பாத்துப் புடிச்சுப்போச்சுன்னு இந்த அம்மணியப் பொண்ணுக் கேக்கப் பூவுந் தேங்காயுமா நாங்க போனோம், ஒக்காந்து கொலசாமி பேரக் கேட்டா ரண்டு ஊட்டுக்கும் ஒரே சாமி, சம்பந்தம் பேசப் போனவிய பங்காளியாகி விருந்து தின்னுபோட்டு வந்தோம் என்று உன் அம்மாவைக் காட்டிச் சொன்னார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை பிரவீனா. எல்லோருக்கும் தெரிந்த பழைய வேடிக்கைக் கதை, என் ஒருவனிடம் மட்டும் மூடி வைத்திருக்கிறார்கள். தட்டைக் கொடுக்காமலே தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

கார் அவிநாசியைத் தாண்டியதும் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்புறம், ஏனுங்க, மாத்திரை வாங்கோணுமா, இல்ல இது வேற வலியா என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்களா, அவிய எங்கூட்டு வாசப்படி எறங்கையிலயே அவரு எனக்கு அண்ணனாயிட்டாரு, இத்தன வருசமா வாய் நெறைய அண்ணான்னுதானுங்க கூப்புடறேன், நீங்க ஒருத்தருதான் அந்த மனுசனுக்கு வேற மொறை வெக்கறீங்க என்றாள். அண்ணன் வந்து நிற்காவிட்டால் அவளும் மணவறைப் பக்கம் வரமாட்டாளாம், நானே தனியாக நின்று உன்னைத் தாரை வார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்தப் பதிலில் குற்றம் கண்டுபிடிக்க ரெண்டு நாளாகப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. குற்றம் இருந்தால் மன்னித்தாவது தொலைக்கலாம். மனசு கசந்து அவர்கள் பிரியவில்லை, ஒரு சாமி பேர் பிரித்து வைத்தது. அவரை அவள் பார்த்துப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்தாள், நான் ஜாதகம் பொருந்தி வந்த ஆள். இதை எந்தப் பரிகாரத்தால் மாற்றுவது, நீயே சொல்.

ஆனால் உன் கல்யாணம் மாமன் இல்லாமல் நடந்தது என்று நாளைக்கு ஒருவரும் பேசக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். சென்னியம்மாளையும் அவர்கள் பங்காளிகளையும் கூடத்தில் உட்கார வைத்து, தட்டை அவர் கையில் கொடுத்து, மச்சான், உங்க தங்கச்சி மகளுக்கு வந்து நெத்தியில மாமன் பட்டம் கட்டுங்க என்று கேட்கப் போகிறேன். இதுவரை அவரை முறை சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அப்பா பெரிய மனசு பண்ணிவிட்டார் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே. தங்கச்சி என்ற அந்தச் சொல்லை என் வாயால், அத்தனை பேர் முன்னால், அவர் காதில் போடத்தான் போகிறேன். தட்டை வாங்கினால் அதையும் சேர்த்துத்தான் அவர் வாங்கியாக வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் மனசை ஒருவர் முழுதாக அறிந்து, நிறைந்த வாழ்வு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இதைப் படித்ததும் அழித்துவிடு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மாமன் போன் செய்தால் எடுக்க வேண்டாம், உனக்கு மூடி வைக்கத் தெரியாது.

உன்னைப் பெற்றவன்,
தம்பிதுரை